காய்ந்த புல்லின் மணம்

தேயத் தேய மணப்பது சந்தனம். காயக் காய மணப்பது புல். வயலில் பச்சையாக நிற்கும் வரை புல்லுக்குச் சொல்லிக்கொள்ளும்படி வாசனை இல்லை. அறுத்துப் பரப்பி ஓரிரு நாள் வெயிலில் கிடந்த பிறகுதான் தேன், பாதாம், புகையிலை மூன்றையும் நினைவூட்டும் இதமான மணம் அதிலிருந்து கிளம்புகிறது. வாசனைத் திரவியத் தொழிலில் இந்த மணத்துக்குத் தனி இடம் உண்டு. உலகின் பழமையான வாசனைத் தொழில் மையங்களில் ஒன்றான பிரான்சின் கிராஸ் நகரத்தில் மல்லிகையிலிருந்தும் ரோஜாவிலிருந்தும் சாறு எடுப்பது போலவே, காய்ந்த புல்லிலிருந்தும் சாறு எடுக்கிறார்கள்.

திருச்சிராப்பள்ளி வட்டாரத்துக்கு இந்த மணம் புதிதல்ல. காவிரிக்கரை வயல்களின் வைக்கோல் போர், முசிறியின் கோரைப் பாய், உறையூரின் சுருட்டு, ஸ்ரீரங்கத்துக் கடைகளில் கோடையில் தொங்கும் வெட்டிவேர் என நான்கு பொருள்களில் அதன் நெருங்கிய உறவுகளைக் காணலாம். நான்குமே அறுத்தோ பறித்தோ தோண்டியோ எடுத்து, உலர்த்திப் பக்குவப்படுத்திய பிறகு மணம் கொள்பவை.

உலர்புல் வேறு, வைக்கோல் வேறு

ஐரோப்பியர் வாசனைக்காகப் போற்றுவது வைக்கோலை அல்ல, உலர்புல்லை. கதிர் முற்றி, மணி உதிர்த்தபின் எஞ்சும் தாள்தான் வைக்கோல். உலர்புல்லோ, பூக்கும் பருவத்தில் பச்சையாகவே அறுத்து, குளிர்காலத் தீவனத்துக்காக உலர்த்தி வைக்கும் மேய்ச்சல் நிலத்துப் புல். அதில் புல் மட்டும் இருப்பதில்லை; தீவனப் பயறு வகைச் செடிகளும் காட்டுப் பூக்களும் சேர்ந்தே காய்கின்றன.

இந்த வேறுபாடு மணத்திலும் தெரியும். அறுவடைக்கு வரும் நெற்பயிரில் பச்சையம் பெரும்பாலும் அழிந்திருக்கும். இலையில் இருந்த சத்தும் கதிருக்குப் போயிருக்கும். மிஞ்சுவது நார்ப்பொருளும் மணற்சத்தான சிலிக்காவும் நிறைந்த தாள். எனவே வைக்கோலின் மணம் மெல்லியது, வறண்டது. வெயிலின் வாசனை என்று சொல்லத் தோன்றும். உலர்புல்லின் மணமோ இனிப்பும் கனமும் கொண்டது.

தை மாதத்தில் சம்பா அறுவடை முடிந்த கையோடு போரிலிருந்து வரும் மணத்தில் ஈரமும் கலந்திருக்கும். கதிர் அறுக்கும் இயந்திரம் வயலில் விட்டுச்செல்லும் வைக்கோலை நன்றாகக் காயவிட்டுத்தான் கட்டு கட்ட வேண்டும். ஈரத்தோடு கட்டினால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். மணம் போய் முடைநாற்றம் வரும். உலர்புல்லுக்கும் விதி இதுவே.

நெல்லுக்கென்று தனி மணமும் உண்டு. சீரகச் சம்பா போன்ற வாசனை நெல் வகைகள் வயலில் நிற்கும்போதே மணக்கும். இத்தகைய நெல்லின் மணத்துக்கு முக்கியக் காரணம் 2-அசிட்டைல்-1-பைரோலின் என்ற பொருள். பாசுமதி அரிசியிலும், இலங்கைத் தமிழர் சமையலில் சேர்க்கும் ரம்பை இலையிலும் இருப்பது அதுவே. ஆனால் இந்த மணம் உயிருள்ள பயிரிலேயே உருவாவது. உலர்புல்லின் மணம் பிறக்கும் வழி வேறு.

வெட்டுப்பட்டதும் நடப்பது

புல்லை அறுத்ததும் முதலில் வருவது பச்சை வாடை. இலையின் செல்கள் கிழிபட்டதும் உள்ளிருக்கும் கொழுப்பு அமிலங்களை நொதிகள் உடைக்கின்றன. அப்போது உண்டாகும் ஹெக்சனால் வகைப் பொருள்களே தோட்டத்தில் புல் வெட்டும்போது மூக்கில் ஏறும் வாசனை. அவை எளிதில் ஆவியாகிவிடும். ஆகவே புல் காயக் காயப் பச்சை வாடை விலகிவிடுகிறது.

அடுத்து வருவதுதான் உலர்புல்லின் தனி மணம். சில புல், பயறு வகைச் செடிகள் ஓர் அமிலத்தைச் சர்க்கரையோடு பிணைத்து செல்லுக்குள் சேமித்து வைக்கின்றன. பிணைப்பில் இருக்கும்வரை அதற்கு மணமில்லை. செடி வெட்டுப்பட்டு வாடும்போது செல்லின் தடுப்புகள் குலைகின்றன. தனியே இருந்த நொதி அந்தச் சேமிப்பைத் தொட்டுச் சர்க்கரையைக் கழற்றிவிடுகிறது. விடுபட்ட அமிலம் தானே வளைந்து வளையமாக மூடிக்கொள்கிறது. அப்படி உருவாகும் பொருளின் பெயர் கூமரின்.

தூய கூமரின் வெண்ணிறப் படிகம். சுமார் 70 டிகிரி செல்சியஸில் உருகும். வெனிலாவையும் பாதாமையும் காய்ந்த புல்லையும் ஒருசேர நினைவூட்டும். பச்சை வாடையைப் போல விரைந்து பறந்துவிடாமல் நின்று மணக்கும். அதனால்தான் கூமரின் செறிந்த புல்லைத் தாவரவியலாளர்கள் அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி வைத்தால் நெடுங்காலம் கழித்தும் அந்தத் தாள் மணக்கிறது.

கூமரின் செறிந்த புற்களில் பெயர்பெற்றது ஆந்தாக்சாந்தம் ஓடோரேட்டம். ஐரோப்பிய மேய்ச்சல் நிலத்தைச் சேர்ந்த இந்தப் புல், நீலகிரியின் குளிர்ந்த புல்வெளிகளிலும் வேரூன்றியிருக்கிறது. திருச்சிச் சமவெளியின் வெப்பத்தை அது தாங்காது. இந்தச் சமவெளியின் புற்களும் கோரைகளும் வேறு. அவற்றைப் பட்டியலிட்ட பெரும்பணி திருச்சியிலேயே நடந்தது. தூய வளனார் கல்லூரியில் 1967-இல் ரேபினட் தாவர உலர்பதனக் காட்சியகத்தை நிறுவிய அருட்தந்தை கே.எம். மேத்யூ, ஆங்கிலத்தில் ‘கர்நாடிக்’ என்று வழங்கும் தமிழகப் பகுதியின் தாவரங்களை 1981 முதல் 1988 வரை வெளிவந்த தொகுதிகளில் விவரித்தார்.

கூமரின் ஒன்றே உலர்புல்லின் முழு மணமும் ஆகாது. இலையில் உள்ள மஞ்சள் நிறமிகளான கரோட்டினாய்டுகள் வெயிலிலும் காற்றிலும் சிதையும்போது பிறக்கும் பொருள்களும் அதில் சேர்கின்றன. பீட்டா அயனோன் அவற்றுள் ஒன்று. தேயிலைத் தூளும் பதப்படுத்திய புகையிலையும் காய்ந்த புல்லும் மணத்தில் உறவாக இருப்பதற்கு இந்த நிறமிச் சிதைவே பெரிய காரணம்.

தமிழ்ச் சமையலறையிலும் இந்த உறவு ஒளிந்திருக்கிறது. வெந்தயத்தின் தாவரவியல் பெயரான டிரைகோனெல்லா ஃபீனம் கிரீக்கம் என்பதில் வரும் பின்பகுதிக்கு ‘கிரேக்க உலர்புல்’ என்று பொருள். மட்டமான தீவனப் புல்லில் வெந்தயச் செடியைக் கலந்து மணமேற்றிய பழங்கால வழக்கம் அந்தப் பெயரில் தங்கிவிட்டது.

கொட்டையிலிருந்து ஆய்வகத்துக்கு

கூமரினை முதலில் பிரித்தெடுத்தது புல்லிலிருந்து அல்ல; தென் அமெரிக்காவில் வளரும் டோங்கா மரத்தின் கொட்டையிலிருந்து. 1820-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரத்து வோகல் அந்தப் படிகங்களைப் பிரித்தார். அவற்றை பென்சாயிக் அமிலம் என்று தவறாகக் கருதினார். அதே ஆண்டில் பிரான்சின் கிபூர் அது புதிய பொருள் என்று காட்டி, டோங்கா மரத்துக்குத் தென் அமெரிக்காவில் வழங்கிய கூமரூ என்ற பெயரையொட்டி கூமரின் என்று பெயரிட்டார்.

1868-இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹென்றி பெர்கின் அதை ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 1856-இல், மாவ் என்ற முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தவர் அவரே. நிலக்கரித் தாரிலிருந்து துணிக்கு நிறம் எடுக்க முடியும் என்று காட்டியவர், அதே வழியில் புல்வெளியின் வாசனையையும் எடுக்க முடியும் என்று நிரூபித்தார். விலை உயர்ந்த டோங்கா கொட்டைக்காகக் காத்திருக்க வேண்டிய நிலை மாறியது.

1882-இல் உபிகான் நிறுவனத்துக்காகப் பால் பார்கே உருவாக்கிய ஃபூஜேர் ராயல் என்ற வாசனைத் திரவியத்தில் செயற்கைக் கூமரின் இடம்பெற்றது. செயற்கைப் பொருளை நவீன வாசனைக் கலைக்குள் கொண்டுவந்த முன்னோடி என்று அது கருதப்படுகிறது. 1889-இல் வந்த கெர்லான் நிறுவனத்தின் ஜிக்கியும் அதே பாதையில் சென்றது.

ஃபூஜேர் என்றால் பிரெஞ்சு மொழியில் பெரணி. பெரணிக்குச் சொல்லும்படியான வாசனை கிடையாது. இருந்தால் எப்படி மணக்கும் என்ற கற்பனையே அந்தத் திரவியம். மேலே லாவெண்டரும் பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் தோல் எண்ணெயும், அடியில் ஓக் மரப் பாசியும் கூமரினும் என்று அமைந்த அந்தக் கலவை பின்னர் ஒரு தனிக் குடும்பமாகவே வளர்ந்தது. சலூனில் முகம் மழித்தபின் பூசும் திரவத்திலும், ஆண்களுக்கான சவர சோப்பு, பவுடர் வகைகளிலும் வரும் பழகிய வாசனை பெரும்பாலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. உலர்புல்லைக் கண்ணால் பார்த்திராத நகரவாசியும் அதன் மணத்தை அன்றாடம் முகர்வது இப்படித்தான்.

புல்லைச் சாறாக்கும் முறை

செயற்கைக் கூமரின் மலிவாகக் கிடைத்தாலும் இயற்கையான உலர்புல் சாற்றைத் தேடுவோர் இன்றும் இருக்கிறார்கள். புல்லின் மணம் பல பொருள்களின் கூட்டு என்பதே காரணம். சாறு எடுக்கும் முறை தமிழ்நாட்டில் மல்லிகைப் பூவுக்குக் கையாளும் அதே முறை. ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தை போன்ற இடங்களில் முழம் போட்டும் எடை போட்டும் விற்கும் மல்லிகையின் இனமே, மதுரை, சத்தியமங்கலம் பகுதிகளில் ஆலைகளுக்கும் போகிறது. அங்கே ஹெக்சேன் என்ற கரைப்பானில் பூவை ஊறவைத்து, கரைப்பானை ஆவியாக்கி எடுத்தால் மெழுகு போன்ற பொருள் மிஞ்சும். தொழிலில் அதற்குப் பெயர் கான்கிரீட். அதைச் சாராயத்தில் கரைத்து, குளிரவைத்து, மெழுகை வடித்து நீக்கி, சாராயத்தையும் ஆவியாக்கினால் கிடைப்பது அப்சல்யூட்.

காய்ந்த புல்லும் இதே இரண்டு படிகளைக் கடக்கிறது. கடைசியில் கிடைப்பது கரும்பச்சையான, பாகு போன்ற சாறு. நேரடியாக முகர்ந்தால் தேன், புகையிலை, தேயிலை ஆகியவற்றின் சாயல் தெரியும். திரவியத்தில் இதைச் சிறிதளவே சேர்ப்பார்கள். பூவின் வாசனைக்கு அடியில் வெயில் காய்ந்த நிலத்தின் உணர்வைத் தருவதும், தேன், புகையிலை, தோல் முதலிய வாசனைகளை இணைத்துக் கட்டுவதும் இதன் வேலை.

முசிறியின் கோரை

திருச்சிக்கு மேற்கே, காவிரியின் வடகரையில் உள்ள முசிறி வட்டாரம் கோரைப் பாய்க்குப் பேர்போனது. கோரை புல்லைப் போலத் தோன்றினாலும் புல்லினம் அல்ல. புல்லின் தண்டு உருண்டையானது, கணுவோடு கூடியது. கோரையின் தண்டு மூன்று பட்டையாக, கணுவின்றி நீண்டிருக்கும். கணு இல்லாததால்தான் அதை நீளமாகக் கிழித்துப் பாவுக்குக் குறுக்கே ஊடையாகக் கொடுக்க முடிகிறது.

பச்சையாக அறுத்த கோரையைக் கிழித்து வெயிலில் உலர்த்துகிறார்கள். பச்சை வெளுத்து இளமஞ்சளாகும்போது மணமும் மாறுகிறது. புதுப் பாயை விரித்ததும் எழும் வாசனை, உலர்புல் மணத்துக்குத் திருச்சியில் கிடைக்கும் மிக நெருங்கிய சான்று. பாயில் ஈரம் பட்டால் அந்த வாசனை சற்று நேரம் மீண்டும் தலைகாட்டும். தாளில் தங்கியிருக்கும் மணப்பொருள்களை ஈரம் வெளியே தள்ளுவதே காரணம்.

கோரை இனத்தில் வாசனைத் தொழில் நேரடியாகப் பயன்படுத்துவது தண்டை அல்ல, கிழங்கை. வயல்வெளியில் களையாக மண்டும் முத்தக்காசு என்ற கோரைக்கிழங்கு சித்த மருந்துகளிலும் குளியல் பொடியிலும் சேர்கிறது. வடநாட்டில் நாகர்மோத்தா என்று வழங்கும் இதன் நெருங்கிய உறவுச் செடியிலிருந்து வடிக்கும் எண்ணெய், சைப்ரியால் என்ற பெயரில் வாசனைச் சந்தைக்குப் போகிறது. மரமும் மண்ணும் சிறிது புகையும் கலந்த வாசனை அதற்கு. மிளகின் காரமான நறுமணத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற பொருளுக்குப் பெயர் கொடுத்ததும் கோரைக்கிழங்கின் தாவரவியல் பெயரான சைப்பரஸ் ரோட்டண்டஸ்தான்.

உறையூர்ச் சுருட்டு

முற்காலச் சோழரின் தலைநகரும், இன்று திருச்சி மாநகரின் ஒரு பகுதியுமான உறையூர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுருட்டுக்குப் புகழ்பெற்றது. திண்டுக்கல் பக்கத்தில் விளைந்த புகையிலையைக் கொண்டு கையால் சுருட்டிய ‘டிரிச்சினாப்பலி’ சுருட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. 1887-இல் வெளிவந்த, ஆர்தர் கானன் டாயிலின் முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில், துப்பறிவாளர் தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே அது திருச்சிச் சுருட்டு என்று சொல்லிவிடுகிறார். சுருட்டைக் குறிக்கும் ‘செரூட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் ‘சுருட்டு’ என்ற தமிழ்ச் சொல்லிலிருந்தே பிறந்தது.

புகையிலையும் பறித்தவுடன் மணப்பதில்லை. உலர்த்தி, அடுக்கிக் குவித்து, சூடேறிப் பதமாக விட வேண்டும். அந்தக் காலத்தில் பச்சையமும் மாவுச்சத்தும் சிதைகின்றன. கரோட்டினாய்டுகள் உடைந்து மணப்பொருள்களாகின்றன. காய்ந்த புல்லில் ஒரு வாரத்தில் நடப்பது, புகையிலையில் மாதக்கணக்கில் ஆழமாக நடக்கிறது. டோங்கா கொட்டையை முகர்பொடிக்கும் குழாய்ப் புகையிலைக்கும் வாசனையேற்ற ஒரு காலத்தில் சேர்த்ததற்கும் இந்த நெருக்கமே அடிப்படை. திரவியக் கலைஞர்கள் புகையிலை வாசனையை அமைக்கும்போது உலர்புல்லையும் கூமரினையும் துணைக்கு அழைப்பதும் இதனால்தான். கெடுதல் சுருட்டின் புகையில் இருக்கிறது. திரவியத்தில் வருவது இலையின் மணம் மட்டுமே.

வெட்டிவேரும் கோயில் மணமும்

புல்லினத்தில் உலக வாசனைத் தொழில் நம்பியிருப்பது இலையை மட்டும் அல்ல, ஒரு வேரையும்தான். வெட்டி எடுக்கும் வேர் என்பதால் வெட்டிவேர். அந்தப் பெயரே பிரெஞ்சு மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் ‘வெட்டிவர்’ என்று போயிற்று. 1959-இல் கெர்லான் நிறுவனம் அந்தப் பெயரிலேயே ஒரு திரவியத்தை வெளியிட்டது. இன்று எண்ணெய் உற்பத்தியில் ஹைட்டி முன்னிற்கிறது. இந்தோனேசியாவின் ஜாவாவும் இந்தியாவும் தயாரிக்கின்றன. தமிழ்நாட்டில் கடலூர் மாவட்டத்தின் மணற்பாங்கான நிலங்கள் வெட்டிவேர்ச் சாகுபடிக்கு ஏற்றவை.

வெட்டிவேரின் மணம் கூமரினால் வருவதல்ல. வெட்டிவோன், குசிமால் முதலிய கனமான எண்ணெய்ப் பொருள்களே அதன் அடிப்படை. அவை மெதுவாக ஆவியாவதால்தான் தண்ணீர்ப் பானையில் போட்ட வேர் பல நாள் மணக்கிறது. திரவியங்களிலும் கடைசி வரை நிற்கும் அடிமணமாகப் பயன்படுகிறது. உலர்புல் தரையின் மேல் மணம் என்றால், வெட்டிவேர் தரைக்கு அடியின் மணம். இரண்டையும் சேர்த்து ஒரு வயலின் உணர்வைக் கட்டுவது திரவியக் கலையில் வழக்கமான உத்தி.

காய்ந்த வேரும் கட்டையும் பிசினும் மணத்துக்கு ஆதாரமாவது ஸ்ரீரங்கத்தில் பழைய மரபு. அரங்கநாதர் கோயில் மூலவரான பெரிய பெருமாளின் திருமேனி சுதையால் ஆனது. அதனால் நீரால் திருமஞ்சனம் செய்வதில்லை. வாசனைப் பொருள்கள் கொண்டு தயாரித்த தைலத்தால் காப்பிடுகிறார்கள். ஆனி மாதத்து ஜேஷ்டாபிஷேகத்தையொட்டி நடக்கும் தைலக்காப்பு அவற்றுள் முக்கியமானது. பூவின் மணம் மாலைக்குள் வாடிவிடும். எண்ணெயில் ஏறிய மணமோ மாதக்கணக்கில் தங்கும். திரவியக் கலையில் மேல் மணம், அடி மணம் என்று பிரிப்பதும் இந்த வேறுபாட்டையே.

அளவும் எச்சரிக்கையும்

உலர்புல்லின் மணத்துக்கு ஒரு மருத்துவக் கதையும் உண்டு. 1920-களில் வட அமெரிக்காவில், பூஞ்சை பிடித்த இனிப்புத் தீவனப்பயறைத் தின்ற மாடுகள் சிறு காயம் பட்டாலும் இரத்தம் உறையாமல் இறந்தன. 1933-இல் ஒரு விவசாயி, உறையாத இரத்தத்தைப் பால் கேனில் நிரப்பி விஸ்கான்சின் பல்கலைக்கழக வேதியியலாளர் கார்ல் பால் லிங்கிடம் கொண்டுபோனார். காய்ந்த செடியின் கூமரினைப் பூஞ்சை டைகூமரால் என்ற பொருளாக மாற்றியிருப்பதை அவருடைய ஆய்வகம் பின்னர் கண்டறிந்தது. அந்த ஆய்விலிருந்து பிறந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்தது; 1954-இல் மனிதருக்கான மருந்தாக ஏற்கப்பட்டது. இதய நோயாளிகளுக்கு இரத்தம் உறையாமலிருக்க இன்றும் தருகிறார்கள். கூமரினுக்குத் தனியாக இந்தக் குணம் இல்லை. பூஞ்சை கைவைத்த பிறகே அது வருகிறது.

அதிக அளவில் உட்கொண்டால் கூமரின் கல்லீரலைப் பாதிக்கக்கூடும். அமெரிக்கா 1954-இல் அதை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சீனப் பட்டையில் கூமரின் கணிசமாக உண்டு; மெல்லிய சுருள்களாக வரும் இலங்கைக் கருவாப்பட்டையில் மிகக் குறைவு. பட்டையைத் தினமும் மருந்துபோல் சாப்பிடுவோர் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது நல்லது.

தோலில் பூசும் பொருள்களில் கூமரினுக்குத் தடை இல்லை. ஆனால் சிலருக்கு ஒவ்வாமை வரலாம். அதனால் ஐரோப்பிய ஒன்றியத்தில், பூசி விட்டுவிடும் பொருளில் 0.001 சதவீதத்துக்கும், கழுவிவிடும் பொருளில் 0.01 சதவீதத்துக்கும் மேல் இருந்தால் பெயரை உறையில் அச்சிட வேண்டும். சோப்பு உறையிலோ வாசனைப் புட்டியிலோ ‘கூமரின்’ என்று சிறிய எழுத்தில் இருந்தால், உள்ளே இருப்பது காய்ந்த புல்லின் மணம்.